வீட்டைத் திரும்பக் கேட்கும் முறை

(திருவள்ளூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாத வாடகைக்கு விட்ட வீட்டை உரிமையாளர் திரும்பக் கேட்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நம் மாவட்டத்தில் ஒரு சாதாரண மனிதர் சட்டத்தை நேருக்கு நேர் சந்திக்கிற முதல் இடம் பெரும்பாலும் இதுதான். கொலை வழக்கிலும் கம்பெனி வழக்கிலும் சிக்குகிறவர்கள் சிலர்தான். வாடகைக்கு விடாத தெருவோ, வாடகைக்கு இல்லாத தெருவோ இங்கே கிடையாது.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டைத் திரும்பக் கேட்பது உரிமையாளரின் உரிமை. அதைக் கேட்க எழுத்து வேண்டும், நாள் கொடுக்க வேண்டும், வாங்கிய அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். அக்ரிமென்ட் எதுவும் போடாமல் வாய்ப்பேச்சில் வாடகைக்கு விட்டால் நினைத்தபோது காலி செய்யச் சொல்லலாம் என்று நம் பகுதியில் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. அது தவறான நம்பிக்கை. காகிதம் இல்லாத வாடகையில் அதிகம் கட்டுண்டு கிடப்பவர் உரிமையாளர்தான்.

கும்மிடிப்பூண்டியை எடுத்துக்கொள்வோம். சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, கொல்கத்தா நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருக்கிற ஊர். சிப்காட் தொழில் வளாகம் வந்த பிறகு இரும்பு உருக்காலைகள், கம்பி இழுக்கும் ஆலைகள், ரசாயன ஆலைகள் என்று ஊரின் முகமே மாறிவிட்டது. பிறகு தேர்வாய் கண்டிகையிலும் ஒரு சிப்காட் வந்தது. எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி தொழில் நகரம். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப்பிரதேசம், மேற்கு வங்கம் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். நம் தென்மாவட்டப் பிள்ளைகளும் வந்தார்கள். ஆலைகள் வேலை கொடுத்தன. தங்க இடம் கொடுக்கவில்லை. அந்த இடத்தைக் கொடுத்தது உள்ளூர்க் குடும்பங்கள். வயலை விற்று வந்த பணத்தில், பணிக்கொடையில், மகளுக்கென்று வைத்திருந்த நகையை அடகு வைத்து, வீட்டுக்குப் பின்னால் ஆறு ரூம், எட்டு ரூம் என்று லைன் வீடு கட்டினார்கள். ரூமுக்கு ஒரு விளக்கு, ஒரு ஃபேன், பொதுவில் குளியலறை, கரண்டுக்குத் தனி சப்-மீட்டர். ஒரு தொழில் வட்டாரத்தின் பாதிப் பாரத்தை இந்த லைன் வீடுகள் தாங்குகின்றன. அந்தக் குடும்பங்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது. கணவரை இழந்த ஒரு பெண்ணுக்கு அந்த நான்கு ரூம் வாடகைதான் மாதச் சம்பளம், மருந்துச் செலவு, பேரனின் பள்ளிக் கட்டணம் எல்லாம்.

அந்த நான்கு ரூமும் எந்த எழுத்தும் இல்லாமல்தான் வாடகைக்குப் போகின்றன. தெரிந்த மேஸ்திரி ஒருவர் ஆளைக் கூட்டி வருவார். அட்வான்ஸ் கைமாறும், சாவி கைமாறும். மாதா மாதம் வாடகை வாங்கி மாதா மாதம் நகர்கிற இந்த ஏற்பாட்டைத்தான் சட்டம் மாதக் குத்தகை என்கிறது. அதை முடிக்க வேண்டிய நாள் வரும்போது என்ன செய்வது?

இங்கே ஒரு விநோதம் இருக்கிறது. அந்த வீடு எந்த உள்ளாட்சியின் எல்லைக்குள் நிற்கிறது என்பதைப் பொறுத்துச் சட்டமே மாறிவிடும்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் நாடு முழுவதற்கும் அடித்தளம். அதன் 106-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தமோ உள்ளூர்ச் சட்டமோ வழக்கமோ இல்லாத இடத்தில் மாதக் குத்தகையை 15 நாள் அறிவிப்பில் முடிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. உரிமையாளரும் முடிக்கலாம், குடியிருப்பவரும் முடிக்கலாம். நகரங்களில் இடநெருக்கடி வந்தபோது இந்தச் சுதந்திரம் குடியிருப்பவரை நசுக்கியது. அதனால் சென்னை மாகாணத்தில் 1946-இலும் 1949-இலும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. பிறகு நாமெல்லாம் படித்த 1960-ஆம் ஆண்டின் 18-ஆம் சட்டம் வந்தது. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைப்பது, உள்வாடகைக்கு விடுவது, உரிமையாளருக்கே வீடு தேவைப்படுவது, இடித்துக் கட்டுவது என்று சட்டம் ஒப்புக்கொண்ட காரணம் இருந்தால்தான் காலி செய்ய வைக்க முடியும் என்ற நிலை வந்தது. அந்தக் காரணங்களை நிரூபித்தே ஆக வேண்டும் என்றான பிறகு 15 நாள் அறிவிப்பு எதற்கு என்ற கேள்வியும் எழுந்தது. 1979-இல் தனபால் செட்டியார் எதிர் யசோதை அம்மாள் வழக்கில், ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடக்கும் இடத்தில் 106-ஆம் பிரிவு அறிவிப்பு தேவையில்லை என்று தீர்த்தது. நம் மாநிலத்திலிருந்து போன வழக்கு அது. ஒரு தலைமுறை வழக்கறிஞர்கள் அந்தத் தீர்ப்பின் நிழலில் தொழில் செய்தோம்.

அந்த நிழல் இப்போது விலகிவிட்டது. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டின் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அது நகர்ப்புறங்களுக்கான சட்டம். கும்மிடிப்பூண்டி பேரூராட்சி; பொன்னேரி, திருவள்ளூர், திருத்தணி நகராட்சிகள்; ஆவடி மாநகராட்சி. ஆனால் கவரைப்பேட்டைப் பக்கமோ, புதுவாயல் பக்கமோ, ஆரம்பாக்கம் பக்கமோ போனால் ஊராட்சிகள். தொழிற்சாலை ஆட்கள் இரண்டு பக்கத்திலும் குடியிருக்கிறார்கள். பேரூராட்சிக்குள் இருக்கிற ரூமுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம். சைக்கிளில் பத்து நிமிடம் போனால் ஊராட்சி; அங்கே அதே அளவு ரூமுக்கு, அதே ஆலையில் வேலை செய்பவருக்கு, 1882-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே வீட்டு வரி ரசீதை முதலில் எடுத்துப் பாருங்கள். அதை யார் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ஊராட்சியில் இருக்கிற வீட்டை முதலில் பார்ப்போம். அங்கே காரணம் வேண்டாம், அறிவிப்பு போதும் என்றேன். அந்த அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். எழுத்தில் இருக்க வேண்டும். கொடுப்பவர் அல்லது அவர் சார்பில் ஒருவர் கையெழுத்திட வேண்டும். அஞ்சலில் அனுப்பலாம், நேரில் அவரிடமோ, அவர் வீட்டில் இருக்கிற குடும்பத்தாரிடமோ வேலையாளிடமோ கொடுக்கலாம், இவை எதுவும் முடியாதபோது வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். “அடுத்த மாசம் காலி பண்ணிடுப்பா” என்று வாசலில் நின்று சொன்னதும், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியதும் இந்தப் பிரிவின் அறிவிப்பு ஆகாது. 15 நாள் என்பதும் நீங்கள் எழுதிய தேதியிலிருந்து ஓடாது. அவர் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடும். ஒப்புகைக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான். 2025-இல் பதிவு அஞ்சலை விரைவு அஞ்சலோடு அஞ்சல் துறை இணைத்துவிட்டது. எந்தப் பெயரில் அனுப்பினாலும் சேர்த்ததற்கான சான்றைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

அந்தக் காலத்தில் இதைவிடக் கடினம். குத்தகை மாதம் முடிகிற நாளோடு அறிவிப்புக் காலமும் முடிய வேண்டும் என்று விதி இருந்தது. மாதம் 1-ஆம் தேதி தொடங்குகிறதா, 5-ஆம் தேதி தொடங்குகிறதா என்று அதற்கே ஒரு வழக்கு நடக்கும். ஒரு நாள் கணக்குத் தவறியதால் தோற்ற உரிமையாளர்கள் எத்தனையோ பேர். 2002-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அந்தக் கொடுமையை நீக்கியது. அறிவிப்பில் குறிப்பிட்ட காலம் குறைவாக இருந்தாலும், வழக்கை 15 நாள் கழிந்த பிறகு போட்டிருந்தால் அந்த ஒரு குறைக்காக அறிவிப்பு செல்லாது என்று ஆகாது. சட்டம் உரிமையாளருக்குக் காட்டிய இரக்கம் இது. இதை வைத்துக்கொண்டு அவசரப்படாதீர்கள் என்பது என் வேண்டுகோள். சட்டம் 15 நாள் என்கிறது. குடும்பத்தோடு இருப்பவருக்கு ஒரு மாதம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? பிள்ளைக்குப் பரீட்சை இருக்கும். சம்பளம் 7-ஆம் தேதிதான் வரும். அட்வான்ஸ் பணம் கையில் வந்தால்தான் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க முடியும்.

அறிவிப்புக் கொடுத்த பிறகு நடக்கிற ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. அப்பா வழக்கறிஞரிடம் போய் அறிவிப்பு அனுப்புகிறார். கெடு முடிகிறது. அடுத்த மாதம் 5-ஆம் தேதி குடியிருப்பவர் வழக்கம்போல் கூகுள் பே-யில் வாடகையைப் போடுகிறார். பணம் மகனின் கணக்குக்கு வருகிறது. மகனுக்கு அறிவிப்பு விஷயம் தெரியாது. கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பிவிடுகிறான். சொத்து மாற்றுச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு, கெடுவுக்குப் பிந்திய காலத்துக்கான வாடகையை வாங்கிக்கொண்டால் அறிவிப்பைக் கைவிட்டதாக ஆகலாம் என்பதை எடுத்துக்காட்டோடு சொல்கிறது. 116-ஆம் பிரிவின்படி, காலம் முடிந்த பின் வாடகையை ஏற்றுக்கொண்டால் குத்தகை மறுபடி மாதத்துக்கு மாதம் தொடரும். பணம் வாங்கியதாலேயே எல்லாம் போய்விட்டது என்று பயப்படவும் வேண்டாம். 2006-இல் சரூப் சிங் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வாடகையைப் பெற்றது மட்டும் அறிவிப்பைக் கைவிட்டதாகாது, குத்தகையைத் தொடரும் எண்ணம் இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்றது. அந்த எண்ணம் இல்லை என்பதைக் காட்டுவது உங்கள் பொறுப்பு. பணம் வந்த அன்றே ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: குத்தகை முடிந்துவிட்டது, இந்தத் தொகையை இடத்தைப் பயன்படுத்தியதற்கான ஈடாக மட்டும் பெறுகிறேன், அறிவிப்பு நிற்கிறது என்று. வீட்டில் எல்லோருக்கும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். பல வழக்குகள் நீதிமன்றத்தில் தோற்கவில்லை, கைபேசியில் தோற்றன.

கெடு முடிந்தும் அவர் போகவில்லை என்றால் மீட்பு வழக்குத்தான். அதற்குப் பெரிய செலவாகும் என்று பயந்தே பலர் குறுக்குவழி தேடுகிறார்கள். உண்மையில், உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலான இத்தகைய வழக்கில், 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் வீட்டின் சந்தை விலையைப் பார்ப்பதில்லை. முந்தைய ஓராண்டு வாடகையை வைத்துத்தான் கட்டணத்தைக் கணக்கிடச் சொல்கிறது. ஆகவே கட்டணம் மலைப்பூட்டாது. சாட்சியம்தான் மலைப்பூட்டும். எழுத்து இல்லாத வாடகையில், நான் வாடகைக்கே இல்லை, ஒத்திக்கு இருக்கிறேன் என்று அவர் சொன்னால்? வாடகை இவ்வளவு இல்லை, அட்வான்ஸ் நான் கொடுத்தது அதற்கு மேல் என்றால்? மறுக்க உங்களிடம் என்ன இருக்கிறது? வாடகைக்கு வந்த நாளில் ஒரு தாளில் நான்கு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தக் கேள்விகள் பிறந்தே இருக்காது.

எழுதினால் போதுமா என்றால், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவும் வேண்டும். நம் ஊரில் எல்லோரும் 11 மாதத்துக்கு ஒப்பந்தம் போடுவதன் காரணம் இதுதான். மூன்றாண்டுக்கு என்று எழுதிப் பதியாமல் விட்டால் அந்த மூன்றாண்டு விதிகள் நிற்காது. 2016-இல் பார்க் ஸ்ட்ரீட் பிராபர்ட்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதியாத குத்தகைப் பத்திரத்தை ஒதுக்கிவிட்டு அதை மாதக் குத்தகையாகவே கண்டு, 15 நாள் அறிவிப்புப் போதும் என்றது.

ஷெட் வாடகைக்கு விடுகிறவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். சிப்காட்டுக்கு வெளியே, காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையைச் சுற்றி, தகரக் கூரை போட்ட ஷெட்டில் லேத் பட்டறை, வெல்டிங், பிளாஸ்டிக் வார்ப்பு. உற்பத்திக்கான குத்தகைக்கு 106-ஆம் பிரிவு ஆறு மாத அறிவிப்பு கேட்கிறது. எது உற்பத்தி? மாவு மில்லே உற்பத்திதான் என்று 1982-இல் வெளியான இதந்தாஸ் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோதுமை உள்ளே போகிறது, வேறு பொருளாக வெளியே வருகிறது என்பது அதன் தர்க்கம். அப்படியானால் லேத் பட்டறைக்காரர் தமக்கும் ஆறு மாதம் வேண்டும் என்பார். பதிவு செய்யாத குத்தகை ஆண்டுக் குத்தகை ஆகாது, ஆகவே 15 நாள் போதும் என்று நீங்கள் பதில் சொல்லலாம்; அதற்குச் சட்ட ஆதாரமும் உண்டு. ஆனாலும் ஷெட்டுக்கு ஆறு மாதம் கொடுத்துவிடுங்கள் என்றுதான் நான் ஆலோசனை சொல்வேன். அஸ்திவாரம் போட்டு இறக்கிய இயந்திரத்தை 15 நாளில் பெயர்த்து, புது இடத்தில் மின் இணைப்பு வாங்கி, ஆர்டரைக் கெடாமல் காப்பாற்ற எந்தச் சிறு தொழில்காரராலும் முடியாது. ஆறு மாதம் விட்டுக்கொடுத்தவர் ஒரு பெரிய வாதத்திலிருந்து தப்பிக்கிறார்.

இனி நகர்ப்புறம். பேரூராட்சி, நகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு உலகம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர்தான் அந்த அதிகாரி. பழைய வாடகைதாரர்களோடும் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளச் சட்டம் கெடு கொடுத்தது. அந்தக் கெடு பின்னர் நீட்டிக்கவும்பட்டது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும்.

மாதக் குத்தகை இந்தச் சட்டத்தில் ஐந்தாம் பிரிவில் தலைகாட்டுகிறது. ஒப்பந்தக் காலம் முடிந்தது, புதுப்பிக்கவும் இல்லை, அவர் காலி செய்யவும் இல்லை என்றால், அதே விதிகளோடு மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்பட்டதாகக் கருதப்படும். அதிகபட்சம் ஆறு மாதம். நம் பகுதியில் 11 மாத ஒப்பந்தம் போட்டுப் பீரோவில் வைத்துவிட்டு மூன்றாண்டு மறந்துபோனவர்கள் கூட்டமாக இருக்கிறார்கள். அந்த ஆறு மாதம் என்பது மறந்திருக்கக் கொடுத்த காலம் இல்லை. புது ஒப்பந்தம் போடவோ, முடித்துக்கொள்ளவோ இரண்டு பக்கமும் பேசித் தீர்க்கச் சட்டம் கொடுத்த இடைவெளி அது.

பேசித் தீரவில்லை என்றால் 21-ஆம் பிரிவு. ஊராட்சியைப் போல இங்கே வெறும் அறிவிப்பு போதாது. காரணத்தோடு வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். எழுத்து ஒப்பந்தத்துக்கு அவர் உடன்படவில்லை என்பது ஒரு காரணம். இரண்டு மாத பாக்கியைக் கேட்டு அறிவிப்பு அனுப்பி ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்பது ஒரு காரணம். உங்கள் அனுமதி இல்லாமல் இடத்தை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டார், எச்சரித்தும் தவறாகப் பயன்படுத்துகிறார், உங்களுக்கே வீடு தேவைப்படுகிறது என்பன மற்றவை. குத்தகை முடிந்த பிறகும் இருந்துகொண்டால் மாத வாடகையைப் போல் இரண்டு மடங்கு ஈடு கேட்கலாம் என்று 23-ஆம் பிரிவு சொல்கிறது. உரிமையாளருக்கு இது நல்ல சட்டம். எழுத்து வைத்திருக்கிற உரிமையாளருக்கு. வாய்ப்பேச்சில் விட்டவர் அந்த வாசலிலேயே தடுமாறுகிறார்.

ஒரு ரூமில் எட்டுப் பேர் என்ற நிலைமைக்கு வருகிறேன். என் கட்சிக்காரர்களை அதிகம் குழப்புவதும், எனக்கு அதிகம் வலிப்பதும் இதுதான். கான்ட்ராக்டர் ஒருவர் லைனில் நான்கு ரூம் எடுப்பார். ஆட்களை அவரே இறக்குவார். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். வாடகையை அவரே கொடுப்பார், ஆட்களின் கூலியில் பிடித்துக்கொள்வார். கான்ட்ராக்டுக்கும் ஆலைக்கும் தகராறு வருகிறது. அவர் கைபேசியை அணைத்துவிட்டு மறைந்துவிடுகிறார். உரிமையாளருக்கு இரண்டு மாத வாடகை நிற்கிறது. ரூமில் எட்டுப் பேர், கூலி வராதவர்கள், மொழி தெரியாதவர்கள். சட்டப்படி வாடகைதாரர் கான்ட்ராக்டர்தான். அறிவிப்பும் அவருக்குத்தான் போக வேண்டும். ஊராட்சிப் பகுதியில், மாறான ஒப்பந்தம் இல்லாத இடத்தில், உள்வாடகைக்கு விடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவே அனுமதிக்கிறது. அதனால், ஆட்களை இறக்கினார் என்பதையே குற்றமாகச் சொல்லவும் வழியில்லை. மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்கு ஒப்பந்தக்காரர் தகுந்த தங்குமிடம் தர வேண்டும் என்று 1979-ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்தக் கடமையை லைன் வீட்டு அம்மாவின் தலையில் இறக்கி வைத்துவிட்டுப் போவதை இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கான்ட்ராக்டருக்கு ரூம் கொடுப்பவர்கள் அவருடைய நிரந்தர முகவரி, அவர் எந்த ஆலைக்கு ஆள் எடுக்கிறார் என்ற விவரம், தங்குபவர்களின் பெயர்கள், அவர் ஓடிப்போனால் யாரிடம் பேசுவது என்பது, இவ்வளவையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுக்க வேண்டும்.

அந்த எட்டுப் பேரை என்ன செய்வது? இரவில் நான்கு ஆட்களோடு போய்ப் பெட்டியைத் தெருவில் வைத்துப் பூட்டுப் போடுவது, கரண்ட்டை நிறுத்துவது, மோட்டார் போடாமல் விடுவது. இவற்றைச் செய்கிறவர்கள் இந்த அரங்கில் இல்லை என்று நம்ப விரும்புகிறேன். செய்யும்படி ஆலோசனை சொல்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். குடியிருப்பில் நிலைபெற்ற ஒருவரைச் சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்ற முடியாது என்பதை 1989-இல் கிருஷ்ண ராம் மகாலே வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. அப்படி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், வீடு யாருடையது என்ற கேள்விக்கே போகாமல், குடியிருப்பைத் திரும்பப் பெறலாம். 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் ஆறாம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. நகர்ப்புறத்தில் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. வாடகை அதிகாரி உடனடியாக இடைக்கால உத்தரவு போடலாம். சொந்த வீட்டுக்காக வழக்குப் போட வந்தவர் எதிர்வழக்கில் பிரதிவாதியாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இது தகாத செயல். அந்தப் பையன் உலை முன்னால் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவன். அவனுக்கு இந்த ஊரில் சித்தப்பா இல்லை, மாமா இல்லை. போக வீடில்லாத ஒருவனைத் தெருவில் நிறுத்துகிறோம் என்பதை அறிந்தே செய்கிறோம். 2020 மார்ச் 29 அன்று, ஊரடங்கின் முதல் வாரத்தில், தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது, அவர்களையும் மாணவர்களையும் வீட்டைக் காலி செய்ய வற்புறுத்தினால் நடவடிக்கை என்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உத்தரவு போட வேண்டியிருந்தது. அப்படி ஓர் உத்தரவு தேவைப்பட்டதே நமக்கு வருத்தம் தர வேண்டும். அந்த ஒரு மாத வாடகையை மட்டுமே நம்பியிருந்த உரிமையாளர்களுக்கு யார் ஈடு கொடுத்தார்கள் என்ற கேள்வியும் நியாயமானது; அதையும் யாரும் கேட்கவில்லை.

உரிமையாளரும் தொழிலாளியும் எதிரிகள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள் என்று அது வரிசைப்படுத்துகிறவர்களில் பெண்களும் இருக்கிறார்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். நான்கு ரூமை வாடகைக்கு விட்ட கைம்பெண்ணும், அந்த ரூமில் இருக்கிற உருக்காலைத் தொழிலாளியும், இருவருமே தங்கள் வட்டச் சட்டப் பணிகள் குழுவின் கதவைத் தட்டலாம். அறிவிப்பு எழுதித் தரச் சொல்லலாம், சமரசத்துக்கு அழைக்கச் சொல்லலாம். இந்த உரிமை இருப்பது இரண்டு தரப்புக்கும் தெரியவில்லை என்பதுதான் நம் மாவட்டத்தின் குறை.

ஆகவே என் வேண்டுகோள் முதலில் என் சக வழக்கறிஞர்களுக்கு. மாத வாடகைக்கு வரும் நாளில் போடுகிற ஒரு பக்க ஒப்பந்தம், முடிக்கும் நாளில் கொடுக்கிற ஒரு பக்க அறிவிப்பு, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்ததற்கான ரசீது, இந்த மூன்றையும் எளிய தமிழில் எழுதி, இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் மொழிபெயர்த்து, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் வட்டங்களின் ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் பேரூராட்சி அலுவலகத்திலும் இலவசமாகக் கிடைக்கும்படி செய்வோம். அச்சுச் செலவில் ஒரு பங்கை நான் ஏற்றுக்கொள்கிறேன். வீட்டு உரிமையாளர்களே, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: ஊருக்குத் திரும்பியதும் உங்கள் லைனில் இருக்கிறவர்களோடு உட்கார்ந்து, பேசியதை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை அவர்களிடம் கொடுங்கள்.